28 நாளில் முடியும் தையல்

திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சுங்க. குழந்தைக்கு மூளை நல்லா வளரும்னு ஒரு பவுடருக்கு விளம்பரம் வருதே, மாசமானதும் வாங்கிக் குடிக்கட்டுங்களா?"

'மாசமானதும்' என்ற சொல்தான் என்னைப் பதற வைக்கிறது. மூளைக்கான முதல் வேலை அதற்குள் முடிந்தே போயிருக்கலாம்.

கரு தரித்த மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்பக்கம் இருப்பது தட்டையான செல் படலம், கட்டிங்கிலிருந்து வந்த பீஸ் மாதிரி. அதன் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒட்டிக்கொண்டால் ஒரு குழல். மேலே மூளை, கீழே தண்டுவடம். மடித்துக் கொடுப்பது யார்? செல்களேதான். மடிப்பு விழ வேண்டிய இடத்தில் ஒவ்வொரு செல்லின் நுனியைச் சுற்றியும் ஆக்டின் என்ற புரத இழை, பாவாடை நாடா போல ஓடுகிறது. நாடா இறுக, நுனி சுருங்கும். அடி அகன்றே நிற்கும். செங்கல் போலிருந்த செல் ஆப்பு வடிவாகிவிடும். அக்கம்பக்கத்துச் செல்களும் இப்படியே இறுக, படலம் தானாக வளைகிறது. தையலோ கழுத்துப் பக்கம் தொடங்கி மேலும் கீழுமாக ஓடுகிறது. உங்கள் லைனில் எந்த டெய்லரும் நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் தைக்க மாட்டார்! தலைமாடு சுமார் 25ஆம் நாள் மூடும், கால்மாடு 28ஆம் நாள். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். செக்கிங்கில் பிடித்துப் பிரித்துத் தைக்க வழியில்லை. தலைப்பக்கம் மூடாவிட்டால் குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு. கால் பலமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் போகக்கூடும்.

அந்த நாட்களில் செல்கள் மளமளவென்று பெருக வேண்டும். அதற்கான டிஎன்ஏ செய்ய ஃபோலேட் என்ற சத்து வேண்டும். அதைத் தேடித் தந்ததும் உங்களைப் போன்ற ஜவுளித் தொழிலாளிகளின் ரத்தம்தான். 1928இல் பம்பாய் வந்த மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறு அந்த ரத்தசோகையைக் குணமாக்குவதை 1931இல் எழுதினார். சாற்றிலிருந்த அந்தச் சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் ஆனது. ஏற்கெனவே குழல் மூடாத குழந்தை பெற்ற தாய்மாரிடம் அதைக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டுச் சோதனையில் அந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது என்று 1991இல் தெரிந்தது.

எந்தப் பவுடரும் திறந்து நின்ற குழலைத் தைக்காது. குழந்தைக்கு ஆசைப்படும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை போடுங்கள். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பிறந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். முருங்கைக்கீரை, பாசிப்பயறு நல்லதுதான், வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பவுடர் காசை எடுத்து வைத்துவிட்டு, இன்று ஷிப்ட் விட்டதும் மாத்திரையை வாங்கிவிடுங்கள்.