காசநோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

நுரையீரல் காசநோய் உறுதியானதும் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், இவரைக் கொஞ்ச நாள் இங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா?" என்பதே அந்தக் கேள்வி. தயக்கத்தோடும், சில வேளைகளில் நோயாளியின் காதில் விழாதபடி வராந்தாவில் நின்றும் கேட்பார்கள். அவர்களை நாங்கள் குறை கூறுவதில்லை. அந்த அச்சம் இன்று நேற்று பிறந்ததன்று. ஆயினும் அதற்கான விடை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மாநகரிலேயே, முறையான ஆய்வின் வழியாகக் கிடைத்துவிட்டது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

மருந்துகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவையே காசநோய்க்குச் சிகிச்சையாக இருந்தன. அதற்காக ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டப்பட்டன. தாம்பரத்திற்கு அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்தும், 1952இல் ஐசோநியாசிடும் பயன்பாட்டுக்கு வந்தன. மருந்து வந்த பிறகும், படுக்கையில் சேர்த்துத்தான் சிகிச்சை தரவேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே மாறவில்லை. நம் நாட்டிலோ நோயாளிகள் பல இலட்சம் பேர். படுக்கைகள் அதில் மிகச் சிறு பங்கினருக்கே போதுமானவை.

இந்நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அந்த முதல் ஆய்வுக்குத் தலைமை வகித்தார். 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்கள் தங்கள் வீடுகளிலேயே தங்கினர். இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிடும் பாஸும் ஓராண்டு காலம் தரப்பட்டன. யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை; குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. மருத்துவரிடம் விட்டிருந்தால், இரக்கத்தினால் நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கும் நலமாகத் தெரிபவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். அதன்பின் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளிருந்திராது.

வீட்டில் தங்கியவர்களின் நிலை எளிதானதன்று. நெருக்கமான சிறு வீடுகள், குறைந்த உணவு. பலர் வேலைக்கும் சென்றுவந்தனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் தாதியர் கவனிப்பும் கிடைத்தன. ஆயினும் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. இத்தனை வசதி வேறுபாட்டுக்குப் பிறகும் இடைவெளி அவ்வளவுதான். தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்தபோதும் வீட்டிலிருந்தவர்கள் பின்தங்கிவிடவில்லை.

குடும்பத்தாரின் கேள்விக்கு நேரடியான விடை இந்த ஆய்வின் மற்றொரு பகுதியில் இருக்கிறது. நோயாளிகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வந்தார்கள். நோயாளி வீட்டிலேயே தங்கி மருந்து உட்கொண்ட குடும்பங்களில், சானடோரியத்துக்குச் சென்றவர்களின் குடும்பங்களைவிட அதிகமாக நோய் தோன்றவில்லை. இதன் காரணம் எளிதில் விளங்கும். நோய் பரவும் காலம், அது கண்டறியப்படுவதற்கு முன்பு இருமிக்கொண்டே கழிந்த வாரங்களும் மாதங்களும்தான். சரியான மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடுகிறது. எனவே நோயாளியை அனுப்பிவிடுவதால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வருவதும், நோய் இல்லை என்று தெரிந்தபின் தரப்படும் தடுப்பு மருந்தை உட்கொள்வதுமே அவர்களைக் காக்கும். சளியில் கிருமி இருப்பவர் தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணிவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும் போதுமானவை. தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. இந்நோய் காற்றின் வழியாகப் பரவுகிறது, பாத்திரத்தின் வழியாக அன்று. (மூச்சுத்திணறல், மிகுந்த மெலிவு, இரத்த வாந்தி போன்றவை உள்ளவர்களை நாங்களே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்கிறோம். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய்க்கு மருந்துகளும் ஏற்பாடுகளும் வேறு.)

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. எங்களுக்கு அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. வீட்டிலிருந்தவர்கள் உண்மையில் மருந்தை உட்கொள்கிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைப் பெற்றுச் சோதித்தார்கள். பலர் மருந்தைத் தவறவிடுவது தெரியவந்தது. உடல் தேறியதும் மருந்தில் அக்கறை குறைவது மனித இயல்பு என்றும், எந்த நோயாளி தவறவிடுவார் என்று பார்த்த அளவில் சொல்ல முடியாது என்றும் அவர்கள் உணர்ந்தார்கள். மருத்துவப் பணியாளரின் கண்ணெதிரே மருந்து தரும் முறை சென்னையில் சோதிக்கப்பட்டதும், பின்னாளில் உலகெங்கும் அது பரவியதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.

இருமல் ஓரிரு மாதங்களில் நின்றுவிடும்போது எதற்கு ஆறு மாதம் மருந்து? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. அதனால்தான் காய்ச்சல் தணிகிறது, பசி எடுக்கிறது. உறங்கிக் கிடக்கும் சிறு தொகுதி ஒன்று எஞ்சி நிற்கிறது. மருந்து அவற்றை மெல்லத்தான் அழிக்கிறது. சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைக்க முடியுமா என்று புதிய மருந்துகளைச் சேர்த்து நடத்தப்பட்ட மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. மூன்றிலும் நான்கு மாதச் சிகிச்சை ஆறு மாதச் சிகிச்சைக்கு ஈடாகவில்லை. அவற்றின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆறு மாதச் சிகிச்சையிலிருந்தவர்களுள், பத்துத் தவணைகளில் ஒன்றையோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களுக்குச் சிகிச்சை பலனளிக்காமற்போகும் வாய்ப்பு பல மடங்கு உயர்ந்திருந்தது. பத்தில் ஒன்று என்பது மாதத்துக்கு மூன்றே நாள்தான். ஊர்த் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ சென்று வருவதற்குள் அந்த மூன்று நாள் கழிந்துவிடும்.

இதில் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம் டாக்டர்" என்ற விடை மட்டுமே கிடைக்கும். வேறு விடை சொல்ல அக்கேள்வி இடம் தருவதில்லை. இப்போது "சென்ற வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?" என்று கேட்கிறோம். அப்போதுதான் காரணங்கள் வெளிவருகின்றன: வெறும் வயிற்றில் குமட்டுகிறது, சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு பயம், இரவுப் பணி, சக ஊழியர் அட்டையைப் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. சிறுநீர் நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் மருந்தின் இயல்பு, அதனால் தீங்கில்லை. கை கால் எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் வைட்டமின் பி6 தருகிறோம். ஆனால் கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது அல்லது நிறங்கள் வேறாகத் தெரிவது ஆகியவற்றுக்கு அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கலாகாது, அன்றே வரவேண்டும்.

உணவைப் பற்றியும் கேட்கிறீர்கள். மருந்து முறையாக உட்செல்லுமானால் சானடோரியத்தின் சிறந்த உணவு குணமாவதைப் பெரிதும் கூட்டவில்லை என்று பழைய சென்னை ஆய்வு கண்டது. இதைக் கொண்டு உணவு தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், முதல் இரு மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. உணவுப்பொருள் கூடுதலாக வழங்கப்பட்ட குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவதும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அரசு மாதந்தோறும் வழங்கும் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை இதற்காகவே. வங்கிக் கணக்கு விவரத்தை இன்னும் தராதவர்கள் காசநோய்ப் பிரிவில் தந்துவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது, மாத்திரை தீர்ந்த வெற்று அட்டைகளையும் மீதமுள்ளவற்றையும் அப்படியே ஒரு பையில் எடுத்து வாருங்கள். சர்க்கரை, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கருத்தடை மாத்திரை உட்பட வேறு எதை உட்கொண்டாலும் அதையும் சேர்த்துக் கொண்டு வரவும். ரிஃபாம்பிசின் அவற்றின் வீரியத்தைக் குறைக்கக்கூடும். ஒரு நாள் விட்டுப்போயிருந்தால் மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ள வேண்டாம். எந்த நாள் விட்டது என்று அட்டையின்மேல் குறித்துக்கொண்டு வந்தால் எங்களுக்கு அதுவே போதும்.