பஹாலாவும் பாரமும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மொழி பிலிப்பினோ. தகலோக்கை அடிப்படையாகக் கொண்ட இம்மொழியின் பெயரை 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு உறுதிசெய்தது. இம்மொழியினர் முடிவு தெரியாத செயலில் இறங்கும்போது ‘பஹாலா நா’ என்பர். ‘வருவது வரட்டும்’ என்று தமிழில் பெயர்க்கலாம். மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கராக உள்ள நாட்டில் வழங்கும் இத்தொடரை, விதிக்கு அடங்கிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மனப்பான்மையின் அடையாளமாகக் கொண்டவர் உளர். 1968இல் வெளிவந்த பாஸ்ட்ரமின் கட்டுரை இந்நோக்கினது. 1977இல் பிலிப்பைன்ஸ் உளவியலறிஞர் லக்மாய் இதனை மறுத்தார். உறுதியற்ற நிலையிலும் துணிந்து முன்செல்ல மனம் தனக்கே ஊட்டிக்கொள்ளும் ஊக்கம் என்பது அவர் முடிபு. இவ்வழக்கில் சொல்லின் சான்றையும் கேட்டல் வேண்டும்.

‘ஆகோ ஆங் பஹாலா’ என்றால் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொருள். ‘இகாவ் ஆங் பஹாலா’ என்பது ‘உன் பொறுப்பு’. ஆகவே பஹாலா என்பதன் நடுப்பொருள் பொறுப்பு, விதி அன்று. ‘நா’ என்பது ‘இனி’, ‘ஆயிற்று’ என்னும் பொருள் தரும் இடைச்சொல். ‘பஹாலா நா’ எனும்போது பொறுப்பு யாருடையது என்பது சொல்லப்படுவதில்லை. நம்பிக்கையுடையோர் அவ்வெற்றிடத்தில் கடவுளை வைத்து, ‘பஹாலா நா ஆங் தியோஸ்’ என்று முடிப்பதும் உண்டு.

இச்சொல் ‘பத்ஹாலா’ என்னும் பழந்தகலோக் தெய்வப் பெயரினின்று வந்தது என்பது பரவலான கருத்து. பத்ஹாலா வடமொழிப் ‘பட்டார’ என்பதன் திரிபு. நம் கல்வெட்டுகளில் ‘படாரர்’ என வருவதும் அதுவே. ஆயினும் தெய்வப் பெயர் ‘உன் பொறுப்பு’ என்னும் பொருளை எய்தியது எங்ஙனம் என்பது எளிதில் விளங்கவில்லை. வடமொழிப் ‘பார’ (சுமை) மலாயில் ‘பஹாரா’ ஆகி, அங்கிருந்து தகலோக்கில் புகுந்தது என்பது மற்றொரு கருத்து. வடமொழிப் ‘பாஷா’ மலாயில் ‘பஹாஸா’ ஆனமை ஒப்புநோக்கத்தக்கது. ரகரம் லகரமாதலும் புதிதன்று. ‘சூத்ர’ தகலோக்கில் ‘சுத்லா’ (பட்டு) ஆயிற்று. மலாய்ப் பஹாரா ஓர் எடையளவுமாகும். தமிழ் வணிகரின் பழைய அளவையில் 20 மணங்கு கொண்டது ஒரு பாரம்.

சுமையைக் குறிக்கும் சொல் பொறுப்பைக் குறித்தல் தமிழர்க்கு வியப்பளிக்காது. பொறு என்பதற்குத் தாங்கு, சும என்பன பொருள்கள். பொறை என்பது சுமை. அவ்வடியிற் பிறந்ததே பொறுப்பு. இப்பொருள் வளர்ச்சியே இரண்டாம் கருத்துக்கு வலிமை தருகிறது.

சுமையைக் கடவுளிடம் ஒப்படைத்தல் என்னும் அடுத்த படியும் திராவிட மொழிகளில் உண்டு. ஐதராபாத்தின் மேற்கே, பெல் தொழிற்சாலை அமைந்துள்ள ராமச்சந்திராபுரம் பல மொழியினர் வாழும் ஊர். அங்குத் தெலுங்கர் ‘தேவுடி மீத பாரம் வேசி’ என்பதும், தமிழர் ‘கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு’ என்பதும் ஒரே தொடரின் இரு வடிவங்கள். தெலுங்கர்க்குத் ‘தலராத’வும் தமிழர்க்குத் ‘தலையெழுத்’தும் தனியே உள்ளன. இரு மொழியினரும் இவ்விரண்டையும் மாற்றி வழங்குவதில்லை.

விவிலிய மொழிபெயர்ப்பாளரும் இவ்வேறுபாட்டை மதித்துள்ளனர். சங்கீதம் 55, வசனம் 22இல் தமிழ், தெலுங்குப் பெயர்ப்புகள் இரண்டிலும் வருவது பாரமே. தெலுங்கில் அதனோடு சேரும் வினை ‘மோபு’, அதாவது சுமையேற்று. எபிரேய மூலத்தில் அவ்விடத்துள்ள சொல் விவிலியத்தில் ஒருமுறையே வருவது; ‘கொடுக்கப்பட்டது’ என்றும் அதனைக் கொள்வர். அப்பொருளைப் பின்பற்றியிருந்தால் தமிழில் அது ‘வகுத்தது’ என்று விதிப்பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். இறைவன் முன்னரே தீர்மானித்தலைக் கூற ‘முன்குறித்தல்’ என்றும், அவன் விருப்பத்தைக் கூறச் ‘சித்தம்’ என்றும் தமிழ்க் கிறித்தவர் சொற்களை அமைத்துக்கொண்டனர்.

பிலிப்பைன்சில் நிலை சற்று வேறு. 1593இல் மணிலாவில் அச்சான தகலோக் ஞானோபதேச நூலில், கடவுளைக் குறிக்கத் தியோஸ் என்னும் இசுப்பானியச் சொல்லே ஆளப்பட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலோ ‘தம்பிரான்’ என்ற நாட்டுச் சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றது. பத்ஹாலாவைக் கோயிலுக்குள் விடாத எச்சரிக்கை, பஹாலாவை மக்கள் நாவினின்று நீக்கவில்லை. நீக்க வேண்டிய தேவையும் இல்லை.

‘பஹாலா நா’வை ‘எல்லாம் விதி’ என்று பெயர்க்கும் தமிழர், பேசியவன் சொல்லாத ஒன்றை அவன் வாயில் இடுகின்றார். ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்பது முற்றுப்பெற்ற தொடர்; அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. ‘பாரத்தைப் போட்டுவிட்டு’ என்பதோ வினையெச்சம். ‘கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அறுவை மருத்துவத்துக்கு ஒப்பமிட்டார்’, ‘பாரத்தைப் போட்டுவிட்டுக் கடலில் இறங்கினான்’ என ஒரு செயல் வந்து முடிக்கும்வரை அத்தொடர் நிறைவதில்லை.