ஒளிக்கு ஓர் அளவுகோல்

இரவில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, எரியும் டார்ச் விளக்கின் முகப்பை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், தோழியரே! கை முழுவதும் செந்தணல் போல் ஒளிரும். விளக்கின் ஒளி தசைக்குள் புகுந்து மறுபுறம் வெளிவருகிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் நிழலாவது நமக்குத் தெரிகிறதா? இல்லை. வெறும் சிவப்புத்தான் தெரிகிறது.

இதற்குக் காரணம் அறிய ஒரு கண்ணாடித் தம்ளரும் சிறிது பாலும் போதும். தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதன் பின்னால் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பென்சில் முதலில் மங்கும்; பிறகு அடியோடு மறையும். தம்ளரோ இருண்டு போவதில்லை, வெண்மையாக ஒளி வீசிக்கொண்டே இருக்கும். பால் ஒளியை விழுங்கிவிடவில்லை; நாலா பக்கமும் சிதறடித்துவிட்டது. நம் உடலின் தசையும் அப்படிப்பட்டதே. உள்ளே சென்ற ஒளி எண்ணற்ற முறை மோதித் திரும்பி, திருவிழாக் கூட்டத்தில் வழி தவறிய குழந்தை போல் எங்கிருந்தோ வெளியே வருகிறது. அது எந்த இடத்தைத் தொட்டு வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் நேராக ஊடுருவிச் செல்வதால் எலும்பு தெரிகிறது. ஆயினும் மெல்லிய சவ்வுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்ட அவற்றால் இயலாது. நம் கண்ணின் உட்புறத்தில் உள்ள விழித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் பத்து அடுக்குகள் இருப்பதாக உடற்கூறு நூல்கள் கூறுகின்றன! 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் செய்த கண்நோக்கியால் டாக்டர்கள் விழித்திரையை நேரில் காண வழி பிறந்தது. ஆனால் அது அடுக்கி வைத்த பாய்களை மேலிருந்து பார்ப்பதைப் போன்றது. எத்தனை பாய், எது கிழிந்தது, எதற்கு அடியில் ஈரம் ஊறியிருக்கிறது என்பதையெல்லாம் அறியப் பக்கவாட்டில் அல்லவா பார்க்க வேண்டும்? கண்ணை அறுத்துப் பார்க்க முடியுமா?

அறுக்காமல் பக்கவாட்டில் பார்க்கும் வழியை 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் குழுவினர் காட்டினார்கள். டேவிட் ஹுவாங் அப்போது அவரிடம் பயின்ற மாணவர். எரிக் ஸ்வான்சன் அதே கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் செயற்கைக்கோள்களுக்கிடையே ஒளிவழிச் செய்தி அனுப்பும் வேலையில் இருந்த பொறியாளர். கார்மன் புலியாஃபிட்டோ கண் மருத்துவர். மருத்துவமும் செயற்கைக்கோளும் ஒரே மேசையில் சந்தித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர்கள் அந்த முறைக்கு ஆப்டிகல் கோஹிரென்ஸ் டோமோகிராபி என்று பெயர் சூட்டினார்கள். சுருக்கமாக ஓ.சி.டி. என்பர்.

அதன் தத்துவத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கிணற்றில் கூவினால் எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம் அல்லவா? அல்ட்ராசவுண்ட் கருவி உடலுக்குள் அதைத்தான் செய்கிறது. ஒலி உடலுக்குள் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்வதால் மின்கருவிகள் அந்த நேரத்தை அளந்துவிடுகின்றன. ஒளியின் வேகமோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். விழித்திரையில் 10 மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு அடுக்குகளிலிருந்து ஒளி திரும்பி வந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள கால வேறுபாடு எவ்வளவு தெரியுமா? ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. இதை அளக்கும் கடிகாரம் ஏது?

கடிகாரம் இல்லாவிட்டால் என்ன, அளவுகோல் இருக்கிறதே! 1881இல் மைக்கல்சன் என்பவர் செய்த குறுக்கீட்டுமானிதான் அந்த அளவுகோல். ஒளியை இரண்டாகப் பிரித்து இரு வழிகளில் அனுப்பி, இரண்டையும் மறுபடி சேர்ப்பதே அதன் வேலை. ஓ.சி.டி.யில் ஒரு வழி நோயாளியின் கண்ணுக்குச் செல்கிறது. மற்றொன்று ஒரு சிறு கண்ணாடிக்குச் சென்று திரும்புகிறது. கண்ணாடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

நம் விளையாட்டு விழா அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைகள் வாசலிலிருந்து ஒரே வேளையில் புறப்பட்டு, வெவ்வேறு பாதையில் நடந்து, கொடிமரத்தடியில் சந்திக்கின்றன. ஒவ்வொருத்திக்கும் மற்ற வரிசையில் அவளைப் போலவே எட்டு வைக்கும் ஒரு ஜோடி உண்டு. எல்லாரும் ஒரே நீளத்துக்கு எட்டு வைப்பவர்களாக இருந்தால், ஒரு பாதை சரியாக ஓர் எட்டோ, இரண்டு எட்டோ, நூறு எட்டோ கூடுதலாக இருந்தாலும் ஜோடிகளின் காலடி ஒன்றாகவே விழும். ஆகவே காலடி ஓசையைக் கொண்டு பாதைகள் சமமா என்று சொல்ல முடியாது. சாதாரண லேசர் ஒளி இப்படிப்பட்டது. ஆனால் முதல் வகுப்புச் சிறுமி முதல் பதினோராம் வகுப்பு அக்கா வரை பல நீள எட்டுக்காரர்கள் கலந்திருந்தால்? இரு பாதையும் சமமாக இருக்கும்போது மட்டுமே எல்லா ஜோடிகளின் காலடியும் ஒன்று சேர்ந்து ‘தப் தப்’ என்று பலமாகக் கேட்கும். கொஞ்சம் வேறுபட்டாலும் சில ஜோடிகள் சேரும், சில சேரா. வெறும் சலசலப்பே மிஞ்சும்.

பல அலைநீளங்கள் கலந்த இத்தகைய ஒளியைத்தான் ஓ.சி.டி. பயன்படுத்துகிறது. கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், எந்தெந்த இடத்தில் ‘தப்’ என்ற ஓசை எழுகிறதோ அந்தந்த ஆழத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது என்று பொருள். வழி தவறிச் சுற்றியலைந்த ஒளி நெடுந்தூரம் நடந்து வந்ததால் ஜோடி சேராமல் தானாகவே விலகிவிடும். நேரே சென்று நேரே திரும்பியது மட்டும் கணக்கில் வரும். பாலில் மறைந்த பென்சிலைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தோன்றவில்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம். விளக்கு, லென்ஸ், கண்ணாடி ஆகியவைதாம் அங்கு முக்கியமாக இருக்கும் என்று நினைப்போம். அவை இருக்கின்றன. 1991இல் பயன்படுத்திய விளக்கு சூப்பர்லூமினசென்ட் டையோடு என்னும் சிறு பொருள். 830 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைத் தந்தது. ஒளியைக் கொண்டு செல்லத் தலைமுடியை ஒத்த கண்ணாடி இழைகள், ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் நகர்த்தும் கருவி, திரும்பிய ஒளியை மின்சாரமாக மாற்றும் ஃபோட்டோ டையோடு, கணிப்பொறி ஆகியவையும் உண்டு. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு மேசை. என் கருத்தில் அங்குள்ள மிக அருமையான பொருளும் அதுவே.

மைக்கல்சன் பெர்லின் நகரில் தம் கருவியை முதன்முதலில் அமைத்தபோது, தெருவில் போகும் வண்டிகளின் அதிர்வால் நள்ளிரவுக்குப் பிறகுகூட இடையிடையேதான் அளக்க முடிந்தது. கருவியைப் பாட்ஸ்டாம் நகரின் வானாய்வுக் கூடத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கேயும் 100 மீட்டர் தொலைவில் யாராவது நடைபாதையில் காலை உதைத்தால் போதும், பார்த்துக்கொண்டிருந்த ஒளிக்கோடுகள் மறைந்து போயின. 1887இல் மோர்லியுடன் சேர்ந்து மறுபடி முயன்றபோது, பெரிய கற்பலகை ஒன்றைப் பாதரசத்தின்மேல் மிதக்க விட்டு, அதன்மேல் கண்ணாடிகளை நிறுத்தினார். கல் தெப்பம்!

இன்றைய ஆய்வுக்கூடங்களில் பாதரசம் இல்லை. மேசையின் மேற்பரப்பும் அடிப்பரப்பும் எஃகு. நடுவே தேன்கூடு போன்ற அமைப்பு. அதனால் பலகை வளைவதில்லை. எடையும் அளவு மீறுவதில்லை. கால்களில் அழுத்திய காற்று நிரப்பப்பட்டிருப்பதால் மேசை காற்றின்மேல் மிதக்கிறது என்றே சொல்லலாம். மேற்பரப்பு நெடுக 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் திருகுத் துளைகள். லென்ஸ், கண்ணாடி எதுவாயினும் தண்டில் பொருத்தித் துளையில் திருகிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவுக்கு நகர்த்தக்கூடிய நுண்திருகுகள் உண்டு.

அடுத்து வேண்டுவது இருள். அனுப்பிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு திரும்பி வந்தாலும் இந்தக் கருவி அதை உணர வேண்டியிருக்கிறது. அறை விளக்கின் ஒளி உள்ளே கசிந்தால் வேலை கெடும். ஆகவே கறுப்புத் திரைகளும் கறுப்பு அட்டைகளும் அங்கு தாராளம். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாதாகையால், அது எங்கே போகிறது என்று பார்க்க ஒரு சிறு அட்டை வைத்திருப்பார்கள். ஒளி பட்ட இடம் அட்டையில் மினுமினுக்கும். பார்ப்பதற்கு மாயாஜாலம், ஆனால் விளையாட்டல்ல. வலிமை மிக்க லேசர் இருக்கும் அறையில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் நுழையலாகாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியென்றால் கூசும், இமை மூடிக்கொள்ளும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரை வெந்த பிறகே விஷயம் தெரியும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். பளபளக்கும் வளையலில் பட்டுத் தெறிக்கும் கதிர் யார் கண்ணுக்குப் போகும் என்று சொல்ல முடியாதே! நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பும் ஒளி வேறு. அதன் அளவு 1 மில்லிவாட்டுக்கும் குறைவு.

கருவி செய்தாகிவிட்டது. முதலிலேயே மனிதக் கண்ணை அதன் முன் நிறுத்துவார்களா? மாட்டார்கள். ஒட்டும் நாடாச் சுருளை வைத்துப் பார்ப்பார்கள். அதில் எத்தனை சுற்று என்று முன்பே தெரியுமாதலால் கருவி சரியாக எண்ணுகிறதா என்று தெரிந்துவிடும். சிதறடிக்கும் தன்மையுள்ள வெண்மையான ஜெல்லியைத் தசைக்குப் பதிலாக வைப்பார்கள். இன்னொரு பொருள், சிரிக்காதீர்கள், வெங்காயம்! அதன் செல்கள் பெரியவை, வரிசையானவை. நாம் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்க வெங்காயத்தோலை உரித்தாக வேண்டும். அவர்கள் உரிக்காமலே பார்க்கிறார்கள்.

1991இன் முதல் படங்களும் உயிரற்ற கண்ணின் விழித்திரையையும் இதய இரத்தக் குழாயையும் வைத்து எடுக்கப்பட்டவையே. உயிருள்ள மனிதனின் விழித்திரைப் படம் 1993இல் வெளிவந்தது. 1996இல் கண் மருத்துவர்கள் வாங்கக்கூடிய கருவி வந்தது. ஃபுஜிமோட்டோ, ஹுவாங், ஸ்வான்சன் மூவருக்கும் 2023இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

என் பாட்டிக்கு நீரிழிவு உண்டு. சென்ற ஆண்டு எழுத்துகள் வளைந்து வளைந்து தெரிவதாகச் சொன்னார்கள். கண் மருத்துவமனையில் மோவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் குறியையே பார்க்கச் சொன்னார்கள். சில வினாடிகள்தாம், ஊசியில்லை, வலியில்லை. படத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக அடுக்குகள் தெரிந்தன. “என் கண்ணுக்குள்ளே இத்தனை வர்ணமா?” என்று பாட்டி வியந்தார்கள். அவை கண்ணின் நிறங்கள் அல்ல. அதிகமாக ஒளி திரும்பிய இடத்துக்குச் சிவப்பு, குறைவாகத் திரும்பிய இடத்துக்கு நீலம் எனக் கணிப்பொறி பூசும் நிறங்கள். பார்வை மிகக் கூர்மையாக உள்ள மையத்தில் இருக்க வேண்டிய சிறு பள்ளம் பாட்டியின் படத்தில் மேடாக இருந்தது. அதனுள்ளே கறுப்புக் குமிழிகள். “இதெல்லாம் கசிந்து தேங்கிய நீர், பாட்டிம்மா” என்று டாக்டர் காட்டினார். கண்ணில் ஊசி மருந்து செலுத்திச் சில மாதங்களுக்குப் பிறகு எடுத்த படத்தில் குமிழிகள் வற்றி, பள்ளம் திரும்பியிருந்தது. மருந்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்பதை அந்தப் பள்ளத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். மேலிருந்து மட்டும் பார்த்த காலத்தில் இந்த நீரின் அளவை டாக்டர்கள் அனுமானிக்கத்தான் முடிந்தது.

மேசையை அசையாமல் நிறுத்தலாம். கண்ணை நிறுத்த முடியுமா? ஒரே குறியை உற்றுப் பார்க்கும்போதும் விழி நமக்குத் தெரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அது அசைவதற்குள் படத்தை முடித்தாக வேண்டும். முதலில் விற்பனைக்கு வந்த கருவி வினாடிக்கு 100 கோடுகள் அளந்தது; கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்ததால் அதற்கு மேல் விரைவாகச் செல்லவில்லை. 2002ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் டோருன் நகரில், மாசியே வோய்ட்கோவ்ஸ்கியும் குழுவினரும் கண்ணாடியை நகர்த்தாமலே விழித்திரையைப் படமெடுத்துக் காட்டினார்கள். திரும்பிய ஒளியை ஒரு கீற்றணியால் நிறமாலையாகப் பிரித்து, எல்லா ஆழங்களையும் ஒரே சமயத்தில் கணக்கிடுவது அவர்கள் முறை. கோப்பர்நிக்கஸ் பிறந்த ஊரில், அவர் பெயரால் விளங்கும் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. அதன் பின் வேகம் வினாடிக்குப் பல்லாயிரம் கோடுகளாயிற்று. இன்று லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இவ்வளவு விரைவு வந்த பிறகு ஒரு புது உபயோகமும் கிடைத்தது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை படமெடுத்து ஒப்பிட்டால், தசை இருந்தபடியே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம் மட்டும் படத்துக்குப் படம் மாறும். மாறாததையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது விழித்திரையில் இரத்தம் ஓடும் குழாய்களின் வலைப்பின்னல். முன்பு இதைக் காண நரம்பில் ஊசி போட்டுச் சாயம் ஏற்ற வேண்டியிருந்தது.