படத்தின் பின்பக்கத்தில் ஒரு பெயர்

வடக்கு, கிழக்கில் ஒரு முறையாவது கொழும்புக்குப் போய்வராத குடும்பங்கள் குறைவு. கடவுச்சீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சிறையில் இருக்கும் உறவைப் பார்க்க என்று எத்தனையோ காரியங்களுக்குப் போயிருக்கிறோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையில் தங்கி, அலைந்து திரிந்து திரும்பியிருக்கிறோம். அதே நகரத்துக்குக் கமராவோடு வந்து போனவர்களும் உண்டு. அவர்கள் எம்மவரை எப்படிப் படம் பிடித்தார்கள் என்பதைப் பெண்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் வேலை முடிந்தது. அதன் பின்னர் பெரிய கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வரத் தொடங்கின. கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் கரையிறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள், ஊருக்குக் கொண்டுபோகப் படங்களைத் தேடினார்கள். அந்த வியாபாரம் பெருகிய காலத்தில், 1890இல், பிளாட்டே என்ற புகைப்பட நிறுவனம் கொழும்பில் ஆரம்பமானது. அதன் படங்கள் தபால் அட்டைகளாக உலகெங்கும் போயின.

அக்காலத் தபால் அட்டைகளில் எங்கள் பெண்களும் இருக்கிறார்கள். மூக்குத்தியும் காப்பும் அணிந்தவர், கொழுந்துக் கூடை சுமந்தவர், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர். படத்தின் கீழே பெரும்பாலும் ‘தமிழ்ப் பெண்’, ‘தோட்டத் தொழிலாளி’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும். பெயர் இராது. அந்த அம்மா எந்த ஊர், யாருடைய தாய் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

படம் எடுத்தவர் ஒரு பெண்ணாக இருந்தபோதும் இதே கதைதான். ஜூலியா மார்கரெட் கமரன் என்பவர் இங்கிலாந்தில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். கணவரின் கோப்பித் தோட்டங்கள் இங்கே இருந்தமையால் 1875இல் இலங்கைக்கு வந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், விஞ்ஞானிகள் பலரின் படங்கள் அவரவர் பெயரோடு நிலைத்துவிட்டன. இங்கே அவர் எடுத்த தோட்டத் தொழிலாளரின் படங்களிலோ பெரும்பாலும் பெயர் இல்லை. 1879இல் இறந்த கமரன் அம்மையார் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரின் கல்லறையில் பெயர் இருக்கிறது. அவர் படம் பிடித்த பெண்களின் பெயர்கள் போய்விட்டன.

யுத்த காலத்தில் கொழும்பில் எங்களைப் பற்றிய பதிவுகளுக்குக் குறைவு இருக்கவில்லை. லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. வீதிச் சோதனையில் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவிட்டது. அந்நாட்களில் தமிழ்ப் பெண் ஒருத்தி துறைமுகப் பக்கம் கமராவைத் தூக்குவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இன்று எங்கள் பிள்ளைகள் கமரா பழகுகிறார்கள். அவர்கள் கொழும்புக்குப் போனால் கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பார்க்கட்டும். பொன்னம்பல முதலியார் 1857இல் அமைத்த கோயிலை மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்தார். அருகில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்த இடம். அங்கே மெழுகுதிரி ஏற்றி அழுது நிற்கும் பெண்ணிடம் கேளாமல் கமராவை நீட்டக் கூடாது. எங்களுக்குச் செய்ததை நாங்கள் பிறருக்குச் செய்யலாமா?

கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வெள்ளவத்தையில் உப்புக் காற்று ரயில் பாதையைத் தாண்டி வீட்டுக்குள் வரும். அந்த ஈரத்தில் கமரா வில்லையிலும் பழைய படங்களிலும் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரையிலிருந்து வந்ததும் கமராவை மெல்லிய துணியால் துடையுங்கள். ஈரப் பையில் நாட்கணக்காக மூடி வைக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் படங்களுக்கும் பராமரிப்பு வேண்டும். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிய படத்தை இழுக்காமல், முதலில் கண்ணாடியோடு சேர்த்துப் பிரதி எடுங்கள். படத்தைச் சுவரோடு ஒட்ட மாட்டவோ நிலத்தில் வைத்த பெட்டியில் போடவோ வேண்டாம். பழைய ஒரே படத்தை லமினேற் பண்ணவும் வேண்டாம். பிறகு கழற்ற முடியாது.

இடப்பெயர்வில் வீடு வாசலோடு படங்களையும் இழந்தவர்கள் பலர். ஒரேயொரு படம் மிஞ்சியவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கியபோது அவர்களின் கையில் இருந்ததும் படம்தான். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு மூலப்படத்தைக் கொண்டுபோக வேண்டாம். பிரதியைக் கொண்டுபோங்கள். எந்த அலுவலகம் கேட்டாலும் பிரதியைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உறவினர் ஒருவரின் கைத்தொலைபேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

உங்களைப் படம் எடுக்க வருபவரிடம் அவர் யார், படம் எங்கே வரும் என்று கேளுங்கள். விருப்பமில்லாவிட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்மதித்தால் ஒரு பிரதி தரச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, இந்த மாதம் ஒரு நாள் மாலையில் வீட்டிலுள்ள படங்களை எடுத்து வையுங்கள். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், ஊர், எடுத்த வருடம், யாருடைய மகள், யாருடைய மகன். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பூஞ்சணம் பிடித்த படத்தையாவது ஓரளவு தேற்றிவிடலாம். சொல்லக்கூடியவர் போய்விட்டால் பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது.