மயிரிழை இடைவெளி!
தோட்டாவுக்கு அளவு எடுப்பது எப்படி?

செருப்புக்கு அளவு எடுப்பார்கள். சட்டைக்கு அளவு எடுப்பார்கள். துப்பாக்கித் தோட்டாவுக்கும் அளவு எடுப்பது உண்டு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் எப்படிப்பட்ட அளவு? ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய அளவு!

வேலூர் கோட்டையில் அன்று

வேலூர் கோட்டையில் இருந்து இந்தக் கதையைத் தொடங்கலாம்.

1806-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை. கோட்டைக்குள் துப்பாக்கிகள் முழங்கின. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளையர்களை எதிர்த்து எழுந்தார்கள்.

காரணம் என்ன? புதுத் தலைப்பாகை! அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று இருந்தது. நெற்றியில் சமயக் குறி அணியக்கூடாது என்ற உத்தரவும் வந்தது. சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள்.

தப்பிய வெள்ளைச் சிப்பாய்கள் மதில் மேல் ஏறி நின்று சுட்டார்கள். கடைசியில் அவர்களிடம் குண்டு தீர்ந்துவிட்டது. ஆர்க்காட்டில் இருந்து கில்லஸ்பி என்ற தளபதி குதிரைப் படையுடன் வந்த பிறகுதான் கோட்டை மீண்டும் வெள்ளையர் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் உயிர் இழந்தார்கள்.

அந்தக் காலத்துச் சிப்பாயின் துப்பாக்கி எப்படி இருந்தது?

குழலின் உள்வாய் சுமார் முக்கால் அங்குலம். அதில் போடும் ஈயக் குண்டு அதைவிடச் சிறியது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூல் இடைவெளி. குழாயில் கோலிக்குண்டு உருளுவதுபோல, குண்டு தட்டித் தடுமாறி வெளியே வரும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவனைக் குறி பார்த்து அடிப்பது கடினம்.

புரி போட்ட குழல்

குழலின் உள்ளே திருகுபோல் புரி வெட்டிய துப்பாக்கியும் உண்டு. அதுதான் ரைபிள். புரியில் குண்டு கவ்விக்கொண்டு, பம்பரம்போல் சுழன்று வெளியே போகும். சுழலும் பம்பரம் சாயாது அல்லவா? அதுபோல் சுழலும் குண்டும் நேராகப் போகும்.

புரி போட்ட என்பீல்டு துப்பாக்கி இந்தியாவுக்கு வந்தபோதும் கலகம் வெடித்தது. அதன் காகிதத் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவி இருப்பதாகப் பேச்சு பரவியது. அது 1857-ம் ஆண்டு. வேலூரில் தோல், வடக்கே கொழுப்பு!

அதன் பின் பித்தளைத் தோட்டா வந்தது. இன்றைய ரைபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு. அதன் அடியில், ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி. உள்ளே வெடிமருந்து. வாயில் செருகிய குண்டு.

சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அமெரிக்கா போன்ற நாடுகளில் சுடும் பயிற்சி செய்பவர்கள் பலர், அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, புது மூடியும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அங்கேதான் இந்த அளவு வேலை வருகிறது.

ஷூவும் கட்டைவிரலும்

ஆம்பூர் ஷூவை நினைத்துப் பாருங்கள். காலை உள்ளே விட்டதும் கட்டைவிரலுக்கு முன்னால் சிறிது இடம் இருக்கவேண்டும். இடமே இல்லாவிட்டால் விரல் நசுங்கும். இடம் அதிகமானால் கால் வழுக்கும்.

தோட்டாவும் அப்படித்தான். அது துப்பாக்கியின் அறையில் போய் உட்காருகிறது. அறைக்குச் சற்று முன்னால் புரி தொடங்குகிறது. குண்டின் மூக்குக்கும் புரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது?

பலர் வைக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. அதாவது அரை மில்லிமீட்டர். ஷூவின் மேல்தோல் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. அந்தத் தோலில் பாதி கனம்தான் இது!

குண்டு புரியை ஒட்டி உட்கார்ந்தால், மருந்து எரியும்போது அழுத்தம் கூடும். மருந்தின் அளவும் கூடுதலாக இருந்தால் ஆபத்து. துப்பாக்கி கெடலாம், சுடுபவர் முகத்துக்கே கேடு வரலாம். சுடாமல் தோட்டாவை வெளியே இழுத்தால், குண்டு புரியில் சிக்கிக்கொண்டு மருந்து கொட்டிவிடுவதும் உண்டு. இடைவெளி ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறினாலோ குறி சிதறும்.

துளை போட்ட கூடு

இருட்டான அந்த அறைக்குள் கையும் போகாது, அளவுகோலும் போகாது. பிறகு எப்படி அளப்பது?

அதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். அளவு எடுப்பதற்கென்றே ஒரு காலிக் கூட்டை எடுக்கிறார்கள். அதில் மருந்தும் இல்லை, மூடியும் இல்லை. அதன் அடியில் துளை போட்டு மரை வெட்டுகிறார்கள். மரையில் ஒரு நீளக் குழாயைத் திருகுகிறார்கள். குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்று முன்னும் பின்னும் நகரும். கூட்டின் வாயில் குண்டைத் தளர்வாக வைக்கிறார்கள்.

இதை அப்படியே துப்பாக்கி அறைக்குள் செலுத்துகிறார்கள். கூடு அறையில் நன்றாகப் பதிந்ததும், கம்பியை மெதுவாகத் தள்ளுகிறார்கள். குண்டு நகர்ந்து போய்ப் புரியில் முட்டி நிற்கும். உடனே கம்பியை ஒரு திருகால் இறுக்கிவிடுகிறார்கள். பிறகு வெளியே எடுத்து, வெர்னியர் காலிப்பரால் அளக்கிறார்கள். குண்டு புரியைத் தொடும் நீளம் தெரிந்துவிடும். அதில் இருந்து வேண்டிய இடைவெளியைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்!

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளிலும் மூக்கு நுனி சற்றே மாறும். நுனியில் இருந்து அளந்தால் கணக்கு தப்பும். புரியைத் தொடுவது நுனி அல்ல. குண்டு பருக்கும் இடம். ஆகவே துளை உள்ள ஒரு சிறு கட்டையைக் காலிப்பரில் மாட்டி, அந்தப் பருத்த இடத்தில் இருந்து அளக்கிறார்கள்.

பலமாகத் தள்ளினால் குண்டு புரிக்குள் ஏறிவிடும், அளவு கூடிவிடும். ஆகவே நாலைந்து முறை அளந்து ஒத்துப் பார்க்கிறார்கள். வேறு வகைக் குண்டு வாங்கினால் மறுபடி அளக்கவேண்டும். ஒரு துப்பாக்கியின் அளவு இன்னொன்றுக்கு உதவாது. பல ஆயிரம் முறை சுட்டால் வெப்பத்தால் புரியின் தொடக்கம் தேய்ந்து, முன்னால் தள்ளிப்போகும். அப்போதும் புது அளவு தேவை.

நம் நாட்டில்

தமிழ்நாட்டுக்கும் இந்தத் தொழிலில் பங்கு உண்டு. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. திருச்சியில் 1960-களில் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை ரைபிள்களைச் செய்கிறது.

2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு! அதில் சுடும் சிறு தோட்டாவை மீண்டும் நிரப்ப முடியாது. ஆகவே வீரர்கள் பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எச்சரிக்கை!

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது பெரிய குற்றம். நீண்ட சிறைத் தண்டனை உண்டு.

இன்னொன்றும் முக்கியம். பழைய வீட்டுப் பரணிலோ, நிலத்திலோ பழந்தோட்டா கிடைத்தால், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். சுத்தியால் தட்டாதீர்கள். அடுப்பில் போடாதீர்கள். பச்சை பிடித்துக் கிடந்தாலும் அதற்குள் உயிர் இருக்கலாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போலீசுக்குச் சொல்லுங்கள்.

தோட்டாவைப் பழகியவர்களே மயிரிழை அளந்துதான் தொடுகிறார்கள். பழகாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது!