மூன்று பேர் ஆடும் முந்நூற்று நாலு

பசறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கைபேசியில் போக்கர் ஆட்டம் பார்ப்பாராம். மேசையில் ஆள் குறைந்தால் சுமாரான சீட்டு வந்தாலும் துணிந்து இறங்க வேண்டும் என்று அங்கே சொல்கிறார்களாம். அவருடைய லயத்தில் நாலாவது ஆள் வராத நாளில் மூன்று பேராக உட்கார்ந்து முந்நூற்று நாலு ஆடுகிறார்கள். அந்த விதி இதற்கும் பொருந்துமா என்பது அவர் கேள்வி. பொருந்தாது. நேர் எதிராகத்தான் நடக்க வேண்டும். ஏன் என்பதில்தான் சுவையே இருக்கிறது.

முதலில் போக்கர். பரவலாக ஆடப்படும் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. 52 சீட்டுக் கட்டில் இப்படி 1,326 ஜோடிகள் வரலாம். இவற்றில் எவற்றோடு இறங்கலாம், எவற்றை மடித்து வைக்கலாம் என்று தரம் பிரித்து அமெரிக்கரான டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1976இல் ஒரு நூலே எழுதினார். பந்தயத் தொகைக்கு வரம்பு கட்டிய ஆட்டத்தில் பெரும் பணத்தை வைத்து எதிராளியை மிரட்டி விரட்ட முடியாது. அதனால் தொடக்கச் சீட்டின் தரம் அங்கே இன்னும் முக்கியம்.

உங்களிடம் ஆஸ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் மேசையில் மற்ற ஒன்பது பேரில் ஒருவரிடமாவது ஆஸ் இருக்கும் வாய்ப்பு 84 வீதம். நான்கு பேர் மேசையில் அது 41 வீதமாகக் குறைகிறது. எதிராளிகள் குறையக் குறைய உங்கள் ராஜாவுக்கு மதிப்பு ஏறுகிறது. அதோடு, சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அந்த முறை சின்ன மேசையில் அடிக்கடி சுற்றி வரும். காத்திருந்தால் கைக்காசு கரையும். ஆகவே ஆள் குறைந்தால் துணிவு என்பது அங்கே சரியான கணக்கு.

இனி நம் ஆட்டம். விதிகளை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. ஆஸுக்கும் மேலே ஜாக்கையும் ஒன்பதையும் ஏற்றி வைக்கும் இந்த வரிசை ஒல்லாந்தரின் யாஸ் வகை ஆட்டங்களிலிருந்து வந்தது என்று கருதப்படுகிறது.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. எட்டுச் சீட்டு ஆட்டத்தில் நான்கு சீட்டை மட்டும் பார்த்து 160 புள்ளி எடுப்பதாகக் கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறோம். மீதி நான்கு பிறகுதான் வரும். வெலிமடைப் பக்கம் முதல் மழையைப் பார்த்து விதைக்கிழங்கு வாங்கிய என் அப்பாவின் நிலைமைதான் இது. பாதியைப் பார்த்து முழுவதற்கும் பொறுப்பேற்பது.

நான்கு பேர் ஆட்டத்தில் உங்கள் கையில் ஆட்டின் ஜாக் இருக்கிறது, ஆட்டின் ஒன்பது இல்லை. அது எங்கே? நீங்கள் காணாத சீட்டு 28. அதில் நான்கு இனி உங்களுக்கு வரும், எட்டு கூட்டாளிக்கு, பதினாறு எதிராளிகள் இருவருக்கும். ஆக அந்த ஒன்பது உங்கள் பக்கம் இருக்கும் வாய்ப்பு ஏழில் மூன்று.

மூன்று பேர் ஆட்டத்தில் ஏழையும் எட்டையும் எடுத்துவிட்டால் 24 சீட்டு, ஆளுக்கு எட்டு. எடுத்தவை வெறுஞ்சீட்டு என்பதால் மொத்தம் 304 மாறாது. கேட்டவர் ஒருபக்கம், மற்ற இருவர் மறுபக்கம். இப்போது காணாத சீட்டு 20. உங்களுக்கு வருவது அதே நான்கு, எதிராளிகளிடம் அதே பதினாறு. ஒன்பது உங்களிடம் வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். அதாவது மேசையில் ஓர் ஆள் குறைந்தும் எதிராளி குறையவில்லை. போனவர் கூட்டாளி.

ஏமாற்றமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நான்கு பேர் ஆட்டத்தில் முதல் நான்கு சீட்டின் சராசரி 38 புள்ளி. மூன்று பேர் ஆட்டத்தில் ஏறக்குறைய 51. ஒரு ஜாக்காவது வரும் வாய்ப்பு 43 வீதத்திலிருந்து 54 வீதமாகிறது. கை அழகாகத் தெரியும், ஆனால் எல்லார் கையும் அப்படித்தான் ஏறியிருக்கும். எங்கள் பக்க வழக்கப்படி 200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒரு கல், தோற்றால் இரண்டு. மூன்றில் இரண்டு தடவை வெல்ல முடியாத கையோடு கேட்பது நட்டம். மூவராக ஆடும்போது ஜாக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் சேர்ந்திருந்தால் கேளுங்கள். தனி ஜாக் என்றால் அதே இனத்தில் துணைச் சீட்டும் வேறு இனத்தில் இன்னொரு ஜாக்கும் வேண்டும். இல்லையேல் மற்றவர் கேட்கட்டும்.

இவ்வளவு நுட்பமான ஆட்டத்தை நாம் இரண்டு வழியில் பாழாக்குகிறோம். சம்பள நாளில் காசு வைத்து ஆடி, வீட்டு அரிசிக்கான பணத்தைத் தொலைப்பது ஒன்று. அந்த வீடுகளில் கோபப்பட்டுச் சீட்டுக்கட்டையே அடுப்பில் போடுவது இன்னொன்று. இப்போது கைபேசிச் சூதாட்டமும் சேர்ந்துவிட்டது. அங்கே யோசிக்க நேரமில்லை, போதும் என்று சொல்லப் பக்கத்தில் ஆளுமில்லை. குற்றம் சீட்டில் இல்லை, காசில் இருக்கிறது. கல்லை வைத்து ஆடினால் தோற்றவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

தோட்டப் பாடசாலைகளின் கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரத்தில் நிகழ்தகவு படிக்கும் பிள்ளைகளில் பலர் அதைக் கண்டு மிரள்கிறார்கள். அதிபரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டு, ஒருநாள் 32 சீட்டை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். "ஒன்பது எங்கே இருக்கும்?" என்று கேளுங்கள். ஏழில் மூன்றுக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினைந்து வயதில் கையால் தொட்டு உணர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் எந்தச் சூதுக்காரனிடமும் சுலபமாக ஏமாறாது.