ரோஜா சூடிய எலும்புக்கூடு

விளம்பரத் தாள் என்றால் எதிர்த் தெருவில் நடப்பவனும் தடையின்றி வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்று அச்சுத்தொழில் வகுத்திருந்த நியதியை, 1966-ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துச் சித்திரக்காரர் சிலர் துணிந்து மீறினார்கள். பில் கிரஹாமின் ஃபில்மோர் அரங்கிலும், செட் ஹெல்ம்ஸின் 'ஃபேமிலி டாக்' குழுவினர் நடத்திய அவலான் நடனசாலையிலும் நிகழ்ந்த ராக் கச்சேரிகளுக்காக அவர்கள் வரைந்த போஸ்டர்களில், எழுத்துக்கள் உருகி, நெளிந்து, தீச்சுவாலை போல் எழுந்தன. பாடுவது யார், எந்த நாளில் என்று அறிய விரும்பியவன் நின்று, உற்று நோக்கி, எழுத்துக் கூட்டியே படிக்க வேண்டியிருந்தது. அவனை அப்படி நிற்கவைத்ததே அக்கலையின் சூட்சுமம்.

வெஸ் வில்ஸன் தம் எழுத்துக்கு வியன்னா நகரத்து ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோஸப் ஆல்பர்ஸிடம் வர்ண சாஸ்திரம் பயின்ற விக்டர் மாஸ்கோஸோவோ, எதிரெதிர் வர்ணங்களைச் சம வீரியத்தோடு அருகருகே வைத்தால் கண் கூசும் என்று கேட்ட எச்சரிக்கையையே உபாயமாக்கிக் கொண்டார். அவ்வர்ணங்கள் சந்திக்கும் விளிம்பில், அசையாத தாள் அதிர்வதாகத் தோன்றும்.

ஆயினும் என் மனம் ஓயாமல் நாடுவது, ஸ்டான்லி மௌஸும் ஆல்டன் கெல்லியும் 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் 1966 செப்டம்பர்க் கச்சேரிக்காகச் செய்த போஸ்டரைத்தான். கவிமணியின் தமிழால் நமக்கு உறவாகிவிட்ட உமர் கய்யாமின் பாடல்களுக்கு எட்மண்ட் ஸல்லிவன் என்ற ஆங்கிலேயர் கறுப்பு வெள்ளையில் தீட்டியிருந்த, ரோஜாக்களிடையே நிற்கும் எலும்புக்கூட்டை, நகர நூல்நிலையத்துப் புத்தகம் ஒன்றில் கண்ட அவ்விருவரும் அதற்கு வர்ணமும் புதிய எழுத்தும் சேர்த்தார்கள். வாழ்வின் நிலையாமையை எண்ணி மதுக்கிண்ணம் ஏந்திய கவியின் துணைவன், இவ்வாறு இளைஞர் ஆடிய சபைக்கு வந்து சேர்ந்தான். அக்குழுவின் சின்னமாகவும் நிலைத்துவிட்டான்.

அவலான் வரிசையில் 26-ஆம் எண் பெற்ற இத்தாளை இன்று தேடுவோர், அது கச்சேரிக்கு முன் அச்சானதா, பின்னர் விற்பனைக்காக மறுபடி அச்சானதா என்பதையே முதலில் ஆராய்கிறார்கள். தாளின் கனத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நீள அகலத்தை அளப்பார்கள். ஓரத்துப் பொடி எழுத்துக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். கடைகளில் இலவசமாகக் கிடைத்த தாளுக்கு இத்தனை பரீட்சை!

மூலையில் ஊசித்துளை இருந்தால் விலை இறங்கும் என்பது சந்தை வழக்கு. எனக்கோ துளையுள்ள தாளிடமே பிரியம் அதிகம். யாரோ ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தினமும் கண்ணில் படும் சுவரில் குத்தி வைத்திருந்தார் என்பதை அந்த நான்கு துளைகள்தாம் சொல்கின்றன.